பழைய கண்ணாடி அலமாரி வாங்கப் போறீங்களா? பணம் கொடுக்கும் முன் அதன் முதுகைப் பாருங்க!

புது வீட்டு ஹாலில் பளபளன்னு ஒரு பழைய தேக்கு கண்ணாடி அலமாரி. உள்ளே கொலு பொம்மை, பீங்கான் கோப்பை, பாட்டி காலத்து வெண்கலச் செம்பு. எதை வைத்தாலும் அழகுதான். அதனால்தான் லேமினேட் ஒட்டிய புது ஷோகேஸை விட்டுவிட்டு, பழைய மர அலமாரியைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால், இந்தச் சந்தையில் எம்.ஆர்.பி. கிடையாது. கம்பெனி வாரண்டி கிடையாது. "சார், இது நூத்தம்பது வருஷப் பொருள், அசல் பர்மா தேக்கு" என்று ஒருவர் சொன்னால், அதை எப்படிச் சரிபார்ப்பது? சில மாத சம்பளத்தைக் கொட்டி வாங்கிய அலமாரி, ஆறே மாதத்தில் மாவு மாதிரி தூள் கொட்டத் தொடங்கினால் யாரைக் கேட்பது?

ரெட்டியார்சத்திரத்தில் இருந்து கிளம்பும் ஒரு குடும்பம் எங்கே போகலாம், எதைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்? முழு விவரம் இதோ.

எங்கே கிடைக்கும்? ஏன் காரைக்குடி?

திண்டுக்கல்லில் இருந்து நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாகப் போனால் காரைக்குடி. ரெட்டியார்சத்திரத்தில் இருந்து கணக்குப் போட்டால் நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளுக்குப் பேர் போனது. கதவு, தூண், ஊஞ்சல் பலகை, எனாமல் பாத்திரம், கண்ணாடி அலமாரி என்று எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும்.

இவ்வளவு பொருள் அங்கே எப்படி வந்தது? 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து வட்டித் தொழிலும் வணிகமும் செய்தார்கள். அந்தப் பணத்தில் செட்டிநாட்டில் பெரிய பெரிய வீடுகள் எழுந்தன. பர்மாவில் இருந்து தேக்கு வந்தது. ஐரோப்பாவில் இருந்து கண்ணாடியும் பளிங்கும் வந்தன. வீட்டுக்கு ஏற்ற மாதிரி அலமாரிகளும் செய்யப்பட்டன.

1942-ல் ஜப்பான் ராணுவம் பர்மாவுக்குள் நுழைந்தது. தொழிலை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள் ஏராளம். 1960-களில் பர்மாவின் ராணுவ அரசு தொழில்களை நாட்டுடைமை ஆக்கியது. வருமானம் நின்றது, வீடு மட்டும் நின்றது. ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். பராமரிக்க ஆள் இல்லை. பல வீடுகள் இடிபட்டன. இடிபட்ட வீட்டின் மரமும் சாமானும் கடைக்கு வந்தன. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன. ஆனாலும், எல்லா வீட்டையும் அது காப்பாற்றிவிடவில்லை.

ஆக, அந்தக் கடைகளில் அசல் பொருள் இருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. அசலுக்குப் பக்கத்திலேயே, போன மாதம் செய்து பழசாக்கிய பொருளும் நிற்கலாம் என்பதுதான் சிக்கல்.

ஆண்டிக், விண்டேஜ், ரெட்ரோ: என்ன வித்தியாசம்?

ஆண்டிக் என்றால் பொதுவாக 100 ஆண்டைக் கடந்த பொருள். இந்தியாவில் 1972-ம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டமும், கலைப்பொருள், கைவினைப்பொருள் போன்றவற்றுக்கு இதே 100 ஆண்டு வரம்பைத்தான் வைத்திருக்கிறது.

விண்டேஜ் என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் கிடையாது. 1940-ல் செய்ததையும் விண்டேஜ் என்பார்கள், 1980-ல் செய்ததையும் விண்டேஜ் என்பார்கள்.

ரெட்ரோ, ஆண்டிக் ஸ்டைல், செட்டிநாடு மாடல் என்றால்? பழைய தோற்றத்தில் செய்த புதுப் பொருள். இதில் தப்பே இல்லை. புதுசு என்று சொல்லி, புதுசுக்கான விலையில் விற்றால் சரி.

இந்த மூன்றைத் தவிர நான்காவதாக ஒன்று இருக்கிறது. பழைய கதவு, ஜன்னல், உத்தரத்து மரத்தை அறுத்துப் புதிதாகச் செய்த அலமாரி. மரத்துக்கு வயசு நூறு இருக்கலாம், அலமாரிக்கு வயசு ஒன்று. "மரம் நூறு வருஷம் சார்" என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. நீங்கள்தான் அலமாரிக்கு வயசு நூறு என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

முன்பக்கத்தை விடுங்க, பின்பக்கத்தைப் பாருங்க

பாலிஷ் போட்ட முகப்பு எல்லாருக்கும் அழகாகத்தான் தெரியும். பழுது பார்த்ததும், மாற்றியதும், புதுசாகச் சேர்த்ததும் பின்பலகையிலும் அடிப்பாகத்திலும் இழுப்பறைக்கு உள்ளேயும்தான் தெரியும். அதனால் கடைக்காரரிடம் கேட்டு, அலமாரியைச் சுவரில் இருந்து நகர்த்தச் சொல்லுங்கள். போனில் டார்ச் போட்டுப் பாருங்கள்.

* பின்பலகை: பழைய பலகை காற்றுப் பட்டுப் பட்டுத் தானாகக் கறுத்திருக்கும். கை இழைப்புளியோ வாளோ பட்ட தடம் லேசாக மேடு பள்ளமாக இருக்கும். பின்னால் பிளைவுட் இருந்தால், அது பிறகு மாற்றியது அல்லது பொருளே புதுசு.

* காரணமே இல்லாத துளைகள்: கீல் இருந்த பள்ளத்தில் மரத்துண்டு அடைத்திருக்கிறதா? எதையும் செருகாத பொந்து இருக்கிறதா? பலகையின் நடுவில் சம்பந்தமே இல்லாமல் பழைய ஆணித் துளைகள் இருக்கின்றனவா? அப்படியானால் அந்த மரம் முன்பு வேறு ஏதோ வேலையில் இருந்திருக்கிறது.

* திருகாணி: தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூவுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றதே 1930-களில்தான். "1900-ல் செய்தது" என்று சொல்லும் அலமாரியின் கீலில் எல்லாமே கூட்டல் குறி ஸ்க்ரூ என்றால், கீலாவது பிறகு மாற்றியதாக இருக்க வேண்டும். பழைய ஸ்க்ரூவின் தலையில் ஒரே கோடுதான் இருக்கும்.

* இணைப்பு: பழைய தச்சு வேலையில் ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி, அடுத்த கட்டையில் குடைந்த துளைக்குள் செருகி, மர முளை அடித்திருப்பார்கள். இழுப்பறையின் மூலையில் புறா வால் மாதிரி விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கலாம். கையால் வெட்டிய பற்கள் அச்சு வார்த்த மாதிரி ஒரே அளவில் இருக்காது.

* கண்ணாடி: ஓரமாக நின்று, கண்ணாடி வழியாக எதிரே இருக்கும் ஒரு நேர்க்கோட்டைப் பாருங்கள். கோடு லேசாக நெளிந்தால் பழைய கண்ணாடியாக இருக்கலாம். அலையே இல்லாத ஃபுளோட் கண்ணாடி முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-ல்தான் அறிவித்தது. கண்ணாடி உடைந்து மாற்றுவது சாதாரணம், அதற்காக அலமாரியையே போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் "எல்லாமே ஒரிஜினல்" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகும்.

* தேய்மானம்: கை படுகிற இடம்தான் தேயும். குமிழைச் சுற்றி, சாவித் துவாரத்தின் ஓரம், கீழ்த்தட்டின் விளிம்பு, கால்களின் அடி. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் செய்த வேலை.

* சுருக்கம்: அகலமான பலகை வருடக்கணக்கில் காய்ந்து சுருங்கும். கதவின் சட்டத்துக்குள் பதித்த பலகையின் ஓரத்தில் பாலிஷ் படாத மெல்லிய கோடு ஒன்று தெரிந்தால், அது நல்ல அடையாளம்.

இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நாலைந்து அடையாளம் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள்.

"அசல் பர்மா தேக்கு சார்!" நம்பலாமா?

தேக்கு என்பதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். மறைவான இடத்தில் கொஞ்சம் சுரண்டினால் தோல் மாதிரி ஒரு தனி வாசனை வரும். ஆனால் அந்த மரம் பர்மாவில் வளர்ந்ததா, நிலம்பூரில் வளர்ந்ததா, டாப்ஸ்லிப்பில் வளர்ந்ததா என்பதைப் பாலிஷ் போட்ட அலமாரியைப் பார்த்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். அதனால் "பர்மா" என்ற ஒரு சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

ஊர் எதுவாக இருந்தாலும், மரத்தின் உள்பகுதியா வெளிப்பகுதியா என்பதே முக்கியம். வைரம் பாய்ந்த உள்மரம் பூச்சியை நன்றாகத் தாங்கும். ஓரத்தில் இருக்கும் வெளிறிய பகுதி தாங்காது. தேக்காகவே இருந்தாலும் அந்த வெளிறிய பகுதி சீக்கிரம் உளுத்துப்போகும். கறுப்புச் சாயம் அடித்து அதை மறைத்திருக்கிறார்களா என்று உள்பக்கம் பாருங்கள்.

பெரிய தொகை கொடுத்து வாங்குகிறீர்கள், மரம் என்ன வகை என்று உறுதியாகத் தெரிய வேண்டுமா? பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம், சிறு மரத்துண்டை வைத்து வகையைக் கண்டுபிடித்துச் சொல்லும் சேவையை வழங்குகிறது.

உளுத்த மரமா? செல்லரித்ததா?

வீட்டுக்குள் நுழையும் முன் பார்க்க வேண்டிய மிக முக்கியமான விஷயம் இது. உளுத்த ஒரு அலமாரி வந்தால், வீட்டில் இருக்கும் மற்ற மரச்சாமானுக்கும் அது பரவலாம்.

அலமாரியின் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து, கதவையும் தட்டுகளையும் கையால் தட்டுங்கள். கோதுமை மாவு மாதிரி மெல்லிய தூள் விழுந்தால், உள்ளே வண்டு வேலை செய்துகொண்டிருக்கிறது. குண்டூசித் தலை அளவில் வட்டத் துளைகள் இருக்கும். துளை இருந்து, தூள் விழவில்லை என்றால் அது பழைய பாதிப்பாக இருக்கலாம். தூள் விழாமல் மணல் மாதிரி சிறு சிறு குருணைகள் விழுந்தால், அது காய்ந்த மரத்திலேயே வாழும் கரையான் வகை.

அடுத்து கால்களைத் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி, தகரம் மாதிரி 'டொக்'கென்று வெறும் சத்தம் வந்தால் உள்ளே கூடு. ஒரு குண்டூசியை அடிப்பாகத்தில் அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கக் கூடாது.

விலை சரியா? நீங்களே கணக்குப் போடலாம்

பழைய அலமாரிக்கு நிலையான விலை கிடையாது. ஆனால் அதே அலமாரியைப் புதுசாகத் தேக்கில் செய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட முடியும்.

உதாரணத்துக்கு 6 அடி உயரம், மூன்றரை அடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம் உள்ள அலமாரியை எடுத்துக்கொள்வோம். ஒரு அங்குல கனத்தில் இரண்டு பக்கப் பலகை, மேலும் கீழும் பலகை, நடுவில் 3 தட்டு. அரை அங்குலத்தில் பின்பலகை. பிறகு கதவுச் சட்டம். மொத்தம் ஏறக்குறைய நாலரை கன அடி மரம் பிடிக்கும். எடையும் சுமார் 80 கிலோ வரும். "முழுக்கத் தேக்கு" என்று சொல்லும் அந்த அளவு அலமாரியை ஒரே ஆள் அலட்சியமாகத் தூக்கினால், யோசிக்க வேண்டியதுதான்.

திண்டுக்கல்லில் ஒரு மரக்கடைக்குப் போன் போட்டு, நல்ல தேக்கு ஒரு கன அடி என்ன விலை என்று கேளுங்கள். அதை நாலரையால் பெருக்குங்கள். சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். ஆசாரி கூலி, கண்ணாடி, பாலிஷ் சேருங்கள். இப்போ உங்கள் கையில் ஒரு அடிப்படைத் தொகை இருக்கிறது.

கடைக்காரர் கேட்பது அதைவிடக் குறைவு என்றால், மரத்துக்காகவே வாங்கலாம். அதைவிட அதிகம் என்றால், கூடுதல் பணம் எதற்கு என்று கேளுங்கள். வயசுக்கா, செதுக்கு வேலைக்கா, மாறாத பழைய கண்ணாடிக்கா? அதற்கான அடையாளம் பொருளில் இருந்தால் கொடுக்கலாம். வெறும் கதைக்குக் கொடுக்க வேண்டாம்.

பிறகு வரும் செலவையும் இப்போதே கழித்துப் பேசுங்கள். மாற்ற வேண்டிய கண்ணாடி, பூச்சி மருந்து, மறு பாலிஷ், காரைக்குடியில் இருந்து வண்டி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி. மறக்கக் கூடாத இன்னொன்று: உங்கள் வீட்டு வாசலின் அகலம், மாடிப்படியின் திருப்பம். மேல்பாகமும் கீழ்ப்பாகமும் தனித்தனியாகக் கழலுமா என்று கேட்டுவிட்டு அளவெடுங்கள்.

சாவி இல்லையா? கவலை வேண்டாம், நாம திண்டுக்கல்காரங்க!

பழைய அலமாரியில் பூட்டு இருக்கும், சாவி இருக்காது. பல கடைகளில் பூட்டைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பூட்டு போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய பித்தளைப் பூட்டும் அந்தப் பொருளின் ஒரு பகுதி. அதைப் பிடுங்கினால் மரமும் சேதமாகும்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குத் தெரியும். பூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் லீவரைப் பார்த்து, கையால் அராவியே சாவி செய்யத் தெரிந்த தொழிலாளர்கள் நம்ம பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பூட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினாலே போதும், அலமாரியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

பில்லில் என்ன எழுத வேண்டும்?

"பழைய சாமானுக்கு எதுக்கு சார் பில்?" என்று கேட்பார்கள். பில் இல்லாவிட்டால் வாயால் சொன்ன எதற்கும் மதிப்பில்லை. இந்த நான்கையும் எழுதி வாங்குங்கள்:

1. மரத்தின் வகை
2. சுமாரான வயது
3. மாற்றிய பாகங்கள் (கண்ணாடி, பின்பலகை, கால் போன்றவை)
4. பழைய அலமாரியா, பழைய மரத்தில் புதிதாகச் செய்ததா

இங்கே ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. 1972-ம் ஆண்டு சட்டப்படி, தொல்பொருளை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். "120 வருஷப் பொருள்" என்று வாயால் சொல்பவரிடம், "அப்படியே பில்லில் எழுதிக் கொடுங்க, உங்க லைசென்ஸ் நம்பரும் போடுங்க" என்று கேளுங்கள். உடனே வயசு குறைந்தால், விலையும் குறைய வேண்டும் அல்லவா?

சாமி உருவம் செதுக்கிய பலகையோ, தேர்ச் சிற்பமோ பதித்த அலமாரி என்றால் இன்னும் கவனம். அந்தச் சிற்பம் எங்கிருந்து வந்தது என்பதற்கு எழுத்தில் விளக்கம் இல்லாமல் தொடாதீர்கள். கோயிலில் இருந்து திருடியதாக இருந்தால், நாளை போலீஸ் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும்.

ஏமாந்துவிட்டால் எங்கே புகார் செய்வது?

கடையில் வாங்கிய பொருள் என்றால், 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும். பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வாங்கிய கடை சிவகங்கை மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆன்லைனில் தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம். நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். பழைய அலமாரியை நீங்கள் விற்கும்போது, "பணம் அனுப்பியிருக்கேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்று யாராவது சொன்னால், அது மோசடி. பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா?

100 ஆண்டைக் கடந்த தொல்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 100 ஆண்டுக்குக் குறைவான பொருள் என்றால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்குவது பாதுகாப்பு. ஈட்டி மரம் எனப்படும் ரோஸ்வுட் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த மர இனங்கள் அனைத்தும் 2017 ஜனவரி 2 முதல் சைட்ஸ் என்ற சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

* முதலில் வாசலிலோ கார் ஷெட்டிலோ சில வாரம் தனியாக வையுங்கள். கீழே வெள்ளைத் தாள் போட்டு, தூள் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிட்டு மருந்து வைத்த பிறகே உள்ளே கொண்டுபோங்கள்.

* மேற்கு வெயில் நேராக அடிக்கும் ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். நம்ம ஊர் கோடை வெயிலில் பலகை வெடித்துவிடும்.

* சுவரை ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். கால்களுக்கு அடியில் கல் துண்டு வைத்தால், தரை கழுவும் தண்ணீர் மரத்தில் ஏறாது.

* உயரமான அலமாரியைச் சுவரோடு இரும்புப் பட்டை போட்டு இணையுங்கள். குழந்தை தட்டைப் பிடித்து ஏறினால், அலமாரி அப்படியே முன்பக்கம் சாயும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

* பழைய கண்ணாடி உடைந்தால் கத்தி மாதிரி சில்லு சில்லாகும். உள்பக்கம் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிவிடலாம். கண்ணாடியின் பழமையும் கெடாது.

* பெயின்ட் அடித்த பழைய அலமாரியை உப்புத்தாள் போட்டுக் காய்ந்தபடியே தேய்க்க வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆபத்து.

* பளபளப்புக்காக உடனே மெஷின் போட்டு இழைத்து, புது பாலிஷ் அடிக்காதீர்கள். பழைய அலமாரிகளில் பெரும்பாலும் அரக்கு பாலிஷ்தான் இருக்கும். மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தொட்டால் அது பிசுபிசுக்கும். அப்படி இருந்தால், அதே அரக்கு பாலிஷை மேலே கொடுத்தாலே போதும்.

உங்க வீட்டிலேயே ஒண்ணு இருக்கா?

காரைக்குடிக்குப் போவதற்கு முன், ஊரில் இருக்கும் பெரியப்பா வீட்டுப் பரணையும் மாட்டுக் கொட்டகையையும் ஒருமுறை பாருங்கள். பழைய கண்ணாடி அலமாரி ஒன்று கண்ணாடி போய், தீவன மூட்டைக்கு நடுவில் நிற்கலாம். வீட்டை இடித்துக் கட்டும்போது, "மொத்தமா ஒரு ரேட் போட்டு எடுத்துக்கிறேன்" என்று பழைய சாமான் வாங்குபவர் வருவார். விறகு விலைக்குப் போன அதே அலமாரி, பாலிஷ் ஏறிய பிறகு என்ன விலைக்கு நிற்கும் என்று கடையில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மேலே சொன்ன சோதனைகளை அப்படியே உங்கள் வீட்டு அலமாரிக்கும் செய்யுங்கள். சட்டம் உறுதியாக இருந்து, மரம் வைரமாக இருந்தால், கண்ணாடியும் சாவியும் மாற்றுவது சின்ன செலவுதான். விற்பது என்றே முடிவெடுத்தாலும், கன அடிக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்.

சுருக்கமாக, கடையில் நிற்கும்போது:

* பின்பக்கமும் அடிப்பாகமும் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.
* வெள்ளைத் தாள் விரித்துத் தட்டிப் பாருங்கள்.
* கன அடிக் கணக்கைப் போனில் குறித்துக்கொண்டு போங்கள்.
* வாயால் சொன்னதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.
* பிடித்துப்போனாலும் அன்றே வாங்காதீர்கள். முன்னும் பின்னும் போட்டோ எடுத்துவந்து, தெரிந்த ஆசாரி ஒருவரிடம் காட்டிவிட்டு, பிறகு பணம் கொடுங்கள்.